நிலக்கரியில் பூத்த இரவு

லண்டனுக்குக் கிளம்பும் நண்பர்கள் விமானச் சீட்டு வாங்கிய கையோடு கேட்பது ஒன்றுதான்: "ராத்திரியில எங்க போகலாம்?" யாரைக் கேட்டாலும் வெஸ்ட் எண்ட் என்றுதான் சொல்வார்கள். நாடக அரங்குகள், திரையரங்குகள், சோஹோவின் இசைக்கூடங்கள், நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும் உணவுக்கடைகள் எல்லாம் நடந்தே சுற்றிவிடக்கூடிய தூரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் வட்டாரம் அது. நானும் அங்கேதான் அனுப்புவேன். ஆனால் மேடையில் ஆடுபவரைப் பார்ப்பதற்கு முன்னால் அவர்மேல் விழும் வெளிச்சத்தைக் கொஞ்சம் பாருங்கள் என்று கேட்டுக்கொள்வேன். அந்த வெளிச்சம் வந்த பிறகுதான் லண்டனில் இரவுக் கேளிக்கை என்ற ஒன்று எல்லாருக்கும் ஆனது. அது பிறந்தது நிலக்கரியில்.

1800 வாக்கில் அந்த நகரத்தில் இரவு என்றால் இருட்டு. தெருக்களில் எண்ணெய் விளக்குகள் இருந்தன. தம்மைச் சுற்றி நாலடிக்கு மேல் அவை எதையும் காட்டவில்லை. நாடகம் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் தீவட்டி பிடிக்கும் சிறுவர்களைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள். பர்மிங்காமில் ஜேம்ஸ் வாட், ஜோசப் பிரீஸ்ட்லி, எராஸ்மஸ் டார்வின் போன்றவர்கள் கூடிப் பேசிய அறிவியல் வட்டம் ஒன்று இருந்தது. அதற்கு 'நிலாக் கழகம்' என்று பெயர். முழுநிலாவை ஒட்டிய நாட்களில்தான் கூடுவார்கள். பேச்சு முடிந்து வீடு திரும்ப நிலவொளி வேண்டுமே. பௌர்ணமித் திருவிழாவுக்கு வண்டி கட்டிக்கொண்டு போன நம் பாட்டன்மாருக்கு இந்தக் கணக்கு புரியும்.

அந்த வாட்டின் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த வில்லியம் மர்டாக், 1792 வாக்கில் கார்ன்வாலில் இருந்த தன் வீட்டை நிலக்கரி வாயுவால் வெளிச்சமாக்கினார். செய்முறை நமக்குப் பழக்கமானதுதான். ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேல விறகை அடுக்கி மண்ணால் மூடிக் கரிமூட்டம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்று புகாததால் விறகு எரிந்து சாம்பலாகாமல், வெந்து கரியாகிறது. மூட்டத்தின் துவாரத்தில் புகையாக வெளியேறுவதில் எரியக்கூடிய வாயுக்களும் இருக்கின்றன. மர்டாக் விறகுக்குப் பதில் நிலக்கரியையும், மண்மூட்டுக்குப் பதில் மூடிய இரும்புக் கலத்தையும் வைத்தார். கலத்தைச் சுட வைத்தால் ஹைட்ரஜன், மீத்தேன், கார்பன் மோனாக்சைடு எல்லாம் கலந்த வாயு வெளியே வரும். அதைக் குழாயில் பிடித்து முனையில் பற்றவைத்தால் விளக்கு. கலத்தில் மிஞ்சுவது கோக் எனப்படும் கற்கரி. குழாயில் படிவது கருந்தார்.

ஜெர்மனியிலிருந்து லண்டனுக்கு வந்த ஃபிரெடரிக் வின்சர் இதைத் தெருவுக்குக் கொண்டுவந்தார். 1807-ல் பால் மால் தெருவில் வரிசையாக வாயு விளக்குகள் எரிந்தன. அன்று அங்கே கூடிய கூட்டம் நாடகம் பார்க்க வரவில்லை, பாட்டுக் கேட்கவும் வரவில்லை. விளக்கைப் பார்க்க வந்தது. வெளிச்சமே கேளிக்கையாக இருந்த அந்த இரவை நவீன நகர இரவின் முதல் இரவு என்று நான் எடுத்துக்கொள்கிறேன். 1812-ல் வாயு தயாரித்துக் குழாய்வழியே விற்கும் நிறுவனத்துக்கு அரச உரிமை கிடைத்தது. 1813-ன் கடைசி இரவில் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் வாயு விளக்குகள் ஏற்றப்பட்டன.

வாயுச் சுடர் ஏன் பிரகாசமாக எரிகிறது? கண்மை கூட்டுவதை நினைத்துப்பாருங்கள். ஆமணக்கெண்ணெய் விளக்கின் சுடருக்கு மேலே தட்டைக் கவிழ்த்தால் அதன் அடியில் கரி படியும். அந்தக் கரித்துகள்கள் தட்டில் ஒட்டியபின் கறுப்பு. ஆனால் சுடருக்குள் இருந்தபோது அவைதான் சூடேறி மஞ்சளாக ஒளிர்ந்தவை. விளக்கின் வெளிச்சம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் பழுக்கக் காய்ந்த கரித்துகளின் ஒளி. லண்டனில் இதை மக்களுக்கு அழகாக எடுத்துச் சொன்னவர் மைக்கேல் ஃபாரடே. ஒரே ஒரு மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு சிறுவர்களுக்காக அவர் நிகழ்த்திய சொற்பொழிவுகள் நூலாகி இன்றும் வாசிக்கப்படுகின்றன.

அவர் பேசிய இடத்துக்குத்தான் உங்களை முதலில் அழைத்துப்போக விரும்புகிறேன். பிக்காடிலி சர்க்கஸிலிருந்து கொஞ்ச தூரம் மேற்கே நடந்தால் ஆல்பெமார்ல் தெரு. அதில் 1799-ல் தொடங்கப்பட்ட ராயல் இன்ஸ்டிடியூஷன் இருக்கிறது. அங்கே ஹம்ஃப்ரி டேவியின் வேதியியல் உரைகளைக் கேட்க வந்தவர்களின் குதிரைவண்டிகளால் தெரு அடைத்துக்கொண்டது. அதனால் ஆல்பெமார்ல் லண்டனின் முதல் ஒருவழிப் பாதையானது என்பார்கள். ஒரு பெருநகரத்தின் தெரு நெரிசல் ஒன்று வேதியியலைக் கேட்பதற்காக உண்டானது என்பதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. 1826-ல் ஃபாரடே தொடங்கிவைத்த வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவு அங்கே நிலைத்துவிட்டது. 1897 ஜனவரி 29 அன்று ஜகதீஷ் சந்திர போஸ் தன் மின்காந்த அலைக் கருவியோடு நின்றதும் அதே மேடைதான்.

அங்கே நடந்த இரண்டு இரவுகள் முக்கியமானவை. 1846-ல் ஒரு வெள்ளி இரவு, பேச வேண்டியவரால் வர முடியாததால் அவருக்குப் பதில் ஃபாரடே பேசினார். அப்போது, ஒளி என்பது மின்விசை, காந்தவிசைக் கோடுகளில் எழும் அதிர்வாக இருக்கலாமோ என்று ஒரு யோசனையைத் தயக்கத்தோடு வெளியிட்டார். கணக்குப் போட்டு அதை நிறுவ ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. நிறுவியவர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். 1860 முதல் 1865 வரை ஸ்ட்ராண்ட் சாலையில் உள்ள கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். இன்று நாடகக் கூட்டம் அலைமோதும் அதே சாலை.

இரண்டாவது இரவு மேக்ஸ்வெல்லுடையது. 1861 மே 17. கட்டம்போட்ட வண்ண நாடா ஒன்றைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியே மூன்று தடவை படம் பிடித்திருந்தார்கள். மூன்றும் கறுப்புவெள்ளைப் படங்கள். அவற்றை மூன்று விளக்குகளால், அதே மூன்று நிற வடிகட்டிகளுக்குப் பின்னால் வைத்துத் திரையில் ஒன்றின்மேல் ஒன்றாக விழச் செய்தார். நாடா நிறத்தோடு தெரிந்தது. உலகம் பார்த்த முதல் வண்ண ஒளிப்படம் என்று அதைச் சொல்வதுண்டு. நம் கண்ணின் விழித்திரையில் நிறம் காணும் கூம்புச் செல்கள் மூன்று வகை; அந்த மூன்றையும் தேவையான அளவில் தூண்டிவிட்டால் மூளை எந்த நிறத்தையும் கண்டுகொள்ளும். மேக்ஸ்வெல் காட்டியது இந்த உண்மையை.

அங்கிருந்து பிக்காடிலி சர்க்கஸுக்குத் திரும்பி நடந்து நிமிர்ந்து பாருங்கள். கட்டட முகப்பு முழுவதும் வளைந்து கிடக்கும் பிரம்மாண்டமான விளம்பரத் திரை. சுற்றுலாப் பயணிகள் அதற்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அந்தத் திரையில் மஞ்சள் என்று ஒரு விளக்கே கிடையாது, ஊதாவும் கிடையாது. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று வகைப் பொட்டு விளக்குகள்தாம் லட்சக்கணக்கில் மினுங்குகின்றன. நடந்துவரும் தூரத்தில் 1861-ல் செய்து காட்டிய அதே வித்தை இங்கே இரவெல்லாம் நடக்கிறது.

பிக்காடிலியில் முதல் ஒளிவிளம்பரம் வந்தது 1908-ல். வெகுகாலம் நியான் குழாய்கள்தாம் அந்த முனையின் அடையாளமாக இருந்தன. நியான் கண்டுபிடிக்கப்பட்டதும் இதே நகரத்தில்தான். 1898-ல் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் வில்லியம் ராம்சேயும் மோரிஸ் டிராவர்ஸும் காற்றைத் திரவமாகக் குளிர்வித்து, அதிலிருந்து ஒவ்வொரு வாயுவாகப் பிரித்துக்கொண்டு வந்தார்கள். பிரிந்து வந்த வாயுவைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து மின்சாரம் செலுத்தியபோது குழாய் செக்கச் சிவந்து ஒளிர்ந்தது. ஓடும் எலக்ட்ரான்கள் நியான் அணுவை மோதி எழுப்பிவிடுகின்றன; எழுந்த அணு அடங்கும்போது வாங்கிய ஆற்றலைச் சிவப்பு ஒளியாகத் திருப்பித் தருகிறது. நீலத்துக்கும் பச்சைக்கும் வேறு வாயு, பாதரச ஆவி, குழாயின் உள்பூச்சு என்று வேறு வழிகள். பாரிஸில் ஜார்ஜஸ் கிளாட் 1910-ல் நியான் விளக்கை மக்கள் முன் வைத்தார். நமக்கு நெருக்கமான சேதி ஒன்றும் இதில் உண்டு. பெங்களூரில் டாடா தொடங்க நினைத்த அறிவியல் கழகத்துக்கு அந்த ஊரே ஏற்றது என்று ஆலோசனை சொன்னவர் ராம்சே. அந்த இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இயக்குநராக வந்தவர் டிராவர்ஸ். முதன்முதலில் நியானைக் கண்ட கண்கள் பெங்களூரின் வானத்தையும் பார்த்திருக்கின்றன.

2011-ல் பிக்காடிலியின் கடைசி நியான் விளம்பரம் அகன்றது. 2017-ல் எல்லாத் திரைகளையும் எடுத்துவிட்டு ஒரே எல்.இ.டி. திரையை வைத்தார்கள். எல்.இ.டி.யில் சுடரும் இல்லை, வாயுவும் இல்லை. இருவகைக் குறைக்கடத்திகள் சந்திக்கும் இடத்தில் எலக்ட்ரான் மேல்படியிலிருந்து கீழ்ப்படிக்கு இறங்குகிறது. படி எவ்வளவு உயரமோ அதற்கேற்ற நிறம். நீலத்துக்கு உயரமான படி வேண்டும். அதற்கேற்ற பொருளைச் செய்வது கடினம். 1990-களில்தான் ஜப்பானில் அகசாகி, அமானோ, நகமுரா மூவரின் உழைப்பில் அது கைகூடியது; 2014-ன் இயற்பியல் நோபல் அவர்களுக்குக் கிடைத்தது. மேக்ஸ்வெல்லின் மூன்றாவது நிறத்துக்காகத்தான் திரைகள் அவ்வளவு காலம் காத்திருந்தன.

இனி அரங்குகளுக்கு வருவோம். கோவன்ட் கார்டன் அரங்கில் 1837-ல் புது வெளிச்சம் ஒன்று மேடையில் விழுந்தது. அதன் மூலப்பொருள் சுண்ணாம்பு. வெற்றிலைக்குத் தடவும் நீற்றிய சுண்ணாம்பு இல்லை. சூளையிலிருந்து எடுத்தபடியே இருக்கும், தண்ணீர் படாத சுட்ட சுண்ணாம்பு. ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து எரித்தால் வரும் சுடர் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, ஆனால் கடும் வெப்பம். அந்தச் சுடரைச் சுண்ணாம்புக் கட்டியின்மேல் பாய்ச்சினால் கட்டி உருகாமல் தாக்குப்பிடித்துக்கொண்டு கண்கூசும் வெள்ளையாக ஒளிர்கிறது. ஃபாரடே இதைச் செய்துகாட்டியபோது பார்த்திருந்த தாமஸ் டிரம்மண்ட் என்ற அளவைப் பொறியாளர், தொலைதூரக் குன்றுகளுக்கிடையே அடையாளம் காட்ட இதைப் பயன்படுத்தினார். நாடகக்காரர்கள் அதைக் கதாநாயகியின் முகத்துக்குக் கொண்டுவந்தார்கள். எல்லார் கண்ணும் தன்மேல் இருக்கப் புகழோடு நிற்பவரை 'லைம்லைட்'டில் இருக்கிறார் என்று ஆங்கிலத்தில் சொல்வது இந்தச் சுண்ணாம்பிலிருந்து வந்தது.

ரீஜென்ட் தெருவின் வடகோடியில் இருந்த ராயல் பாலிடெக்னிக்கில் இந்த வெளிச்சத்தைக் கொண்டு பேயையே வரவழைத்தார்கள். 1862 டிசம்பர் 24 இரவு. ஜான் ஹென்றி பெப்பர் மேடையில் பெரிய கண்ணாடி ஒன்றைச் சாய்வாக நிறுத்தியிருந்தார். பார்வையாளர் கண்ணில் படாத பள்ளத்தில் வெள்ளுடை அணிந்த ஒருவர் நின்றார். அவர்மேல் பலத்த வெளிச்சம் விழுந்ததும், மேடையில் நடிகரின் பக்கத்தில் ஊடுருவிப் பார்க்கக்கூடிய உருவம் ஒன்று தோன்றியது. வெளிச்சத்தைத் தணித்தால் உருவம் கரைந்துபோகும். இரவுப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வெளியே ஓடும் பனைமரங்களின்மேல் உங்கள் முகம் மிதக்கிறதே, அதேதான் இதுவும். வெளியே இருட்டு, உள்ளே விளக்கு என்பதால் கண்ணாடி திருப்பியனுப்பும் சிறு பங்கு ஒளியே போதுமானதாகிவிடுகிறது. அதே கட்டடத்தில் 1896 பிப்ரவரியில் லூமியேர் சகோதரர்களின் அசையும் படங்கள் பிரிட்டனில் முதன்முதலாகக் காட்டப்பட்டன. இன்றும் அங்கே ஒரு திரையரங்கு நடக்கிறது. நான் பரிந்துரைக்கும் இரண்டாவது இடம் அது.

வாயு வெளிச்சம் தந்த இன்பத்துக்கு மனிதர்கள் கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும். திறந்த சுடர்கள் அரங்கின் ஆக்சிஜனைத் தின்றன; சூடு மேலெழுந்து மலிவுச் சீட்டு வாங்கிய மேல்மாடத்தாரைப் புழுக்கியெடுத்தது. நடனப் பெண்கள் அணிந்த மெல்லிய துணி விளக்குக்கு அருகே போனாலே பற்றிக்கொள்ளும். 1844 டிசம்பரில் டுரூரி லேன் அரங்கில் கிளாரா வெப்ஸ்டர் என்ற இளம் நடனக்கலைஞரின் ஆடை மேடையிலேயே தீப்பிடித்தது. அந்தக் காயங்களால் அவர் இறந்தார். 1887-ல் எக்ஸிட்டர் நகர அரங்கில் வாயு விளக்கிலிருந்து பற்றிய தீ 186 உயிர்களைக் கொண்டுபோனது. கிளாராவின் பெயரை நாடகச் சரித்திரம் ஓரத்தில் மட்டும் எழுதிவைத்திருப்பது எனக்கு வருத்தம். டுரூரி லேனுக்குப் போகிறவர்கள் உட்காருமுன் அந்தப் பெயரை ஒருமுறை நினைக்க வேண்டும்.

ஸ்ட்ராண்டில் இருக்கும் சவாய் அரங்கு இந்தக் கதையைத் திருப்பிப்போட்ட இடம். 1881 அக்டோபரில் திறக்கப்பட்டது. ஜோசப் ஸ்வான் செய்த கரியிழை மின்விளக்குகள் சுமார் 1,200. முழுக்க மின்விளக்கால் ஒளியூட்டப்பட்ட முதல் பொதுக் கட்டடம் அதுதான். மக்களுக்கு மின்சாரம் என்றால் பயம். ஆகவே டிசம்பர் 28 அன்று அரங்கின் உரிமையாளர் ரிச்சர்ட் டாய்லி கார்ட் மேடையேறி, எரியும் விளக்கொன்றை மெல்லிய மஸ்லின் துணியில் சுற்றி, எல்லார் முன்னாலும் உடைத்தார். விளக்கு அணைந்தது, துணி கருகவில்லை. காற்றில்லாத குமிழுக்குள் இருந்தவரை ஒளிர்ந்த இழை, காற்றுப் பட்டதும் நொடியில் எரிந்து தீர்ந்துவிட்டது. துணியைப் பற்றவைக்க நேரமில்லை. நடனப் பெண்களைக் கொன்றதும் இதே போன்ற மெல்லிய துணிதான் என்று தெரிந்தவர்களுக்கு அந்த இரவின் அர்த்தம் புரியும்.

அந்த விளக்குகளுக்கான மின்சாரமும் நிலக்கரியால் ஓடிய நீராவி எந்திரத்திலிருந்துதான் வந்தது. வாயுக்குழாய் போனது, கரி போகவில்லை. பார்வையாளர் பெண்கள் உடுத்திய பட்டின் ஊதா நிறம்கூடக் கரியிலிருந்து வந்ததே. 1856-ல் பதினெட்டு வயது வில்லியம் பெர்கின், லண்டன் வீட்டு ஆய்வகத்தில் கருந்தாரிலிருந்து கிடைத்த பொருளைக் கிளறிக்கொண்டிருந்தபோது முதல் செயற்கை ஊதாச் சாயம் பிறந்தது.

மின்விளக்கு வந்ததும் வாயு விளக்கு செத்துப்போயிருக்க வேண்டும். அதைப் பிழைக்க வைத்தவர் வியன்னாவின் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக். 1885-ல் அவர் செய்த மேண்டில், பருத்தி வலையைத் தாது உப்பில் நனைத்துச் சுட்டது. அவர் பின்னர் மேம்படுத்திய வடிவில், பஞ்சு எரிந்துபோக, தோரியம் ஆக்சைடும் நூற்றில் ஒரு பங்கு சீரியம் ஆக்சைடும் கலந்த சாம்பல் கூடு நிற்கும். சுடருக்குள் அந்தக் கூடு வெண்மையாகப் பூக்கும். பெட்ரோமாக்ஸ் விளக்கில் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டிய அதே மேண்டில். கல்யாண வீட்டில் காஸ் லைட்டைச் சுற்றி நின்ற சிறுவர்களில் நானும் ஒருவன். விரல் பட்டால் உதிர்ந்துவிடும் என்று அதட்டுவார்கள்.

தோரியத்துக்கு மோனசைட் மணல் வேண்டும். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். மூலத்தைத் தேடி வந்து சேர்ந்த இடம் மணவாளக்குறிச்சி. அப்போது திருவிதாங்கூர், இப்போது கன்னியாகுமரி மாவட்டம். அங்கே மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. ஐரோப்பியத் தெருக்களை ஒளிரவைத்த மேண்டில்களுக்கு நம் குமரிக் கடற்கரையின் மணலும் போனது.

அந்த வெளிச்சத்தை லண்டனில் இன்னும் பார்க்கலாம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாயு விளக்குகள் அங்கே இன்றும் எரிகின்றன. அவற்றை நேரத்துக்கு ஏற்றி அணைக்கும் கடிகாரங்களுக்குச் சாவி கொடுத்துப் பராமரிக்க ஒரு சிறு குழு இருக்கிறது. சவாயின் பக்கத்துச் சந்தான கார்ட்டிங் லேனில் நிற்கும் விளக்கு சாக்கடை வாயுவில் எரிகிறது என்று வழிகாட்டிகள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. எரிவது பெரும்பாலும் குழாய்வாயு. சுடரின் சூட்டில் மேலெழும் காற்று, கீழே சாக்கடையில் தேங்கிய கெட்ட வாயுவையும் இழுத்துக்கொண்டு போகிறது. நம் வீட்டுப் புகைபோக்கி வேலை செய்யும் விதம்தான்.

கடைசியாக செயின்ட் மார்ட்டின்ஸ் லேனை ஒட்டிய குட்வின்ஸ் கோர்ட் என்ற, வாயு விளக்கு எரியும் ஒடுங்கிய சந்துக்குள் நுழையுங்கள். பிக்காடிலித் திரையைப் பார்த்த கண்ணுக்கு முதலில் இருட்டாக இருக்கும். அவசரப்படாமல் நில்லுங்கள். விழித்திரையின் குச்சிச் செல்களில் ஒளியால் வெளுத்துப்போன நிறமி மீண்டும் கூடிவர இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். மெல்ல மெல்லப் பழைய ஜன்னல் வளைவுகள் தெரியத் தொடங்கும். நம் விழித்திரையில் பார்வைக்கு உதவுவதைவிடப் பகலா இரவா என்று உடலுக்குச் சொல்வதையே முக்கிய வேலையாகக் கொண்ட செல்களும் உண்டு. 2002-ல் உறுதிப்பட்ட கண்டுபிடிப்பு அது. அவை நீல ஒளிக்கே அதிகம் துடிக்கின்றன. நீலம் மிகுந்த பெருந்திரை இன்னும் பகல் என்று மூளையிடம் சொல்லி, உறக்கத்துக்கான மெலடோனின் சுரப்பைத் தள்ளிப்போடுகிறது. மேண்டிலின் மஞ்சள் சாயலில் நீலம் குறைவு. இந்தச் சந்தில் நகரம் உங்கள் உடலை அவ்வளவாக ஏமாற்றுவதில்லை.

இந்த வெளிச்சம் பிறந்த நிலக்கரியின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 1882-ல் லண்டனின் ஹோபர்ன் வயடக்டில் எடிசனின் நிறுவனம் நிலக்கரியால் இயங்கும் பொது மின்நிலையத்தைத் திறந்தது. 1960-களின் பிற்பகுதியில் தொடங்கி வாயு விளக்குகளுக்கும் வடகடலின் இயற்கை எரிவாயு வந்து சேர்ந்தது. 2024 செப்டம்பர் 30 அன்று ராட்கிளிஃப்-ஆன்-சோர் மின்நிலையம் மூடப்பட்டது. பிரிட்டனில் நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுத்த கடைசி நிலையம் அதுவே.